அமெரிக்கப் பேலியோ சமையல் புத்தகம், நம் வீட்டு அடுப்பு: முதல் சில இரவுச் சாப்பாடுகளுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக ஒரு பேலியோ, அதாவது கற்கால மனிதர் உண்டதை ஒட்டிய உணவுமுறைச் சமையல் புத்தகம் கைக்கு வந்ததும் நிறையப் பேர் எந்தப் படம் அழகாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள். அது பெரும்பாலும் பாதாம் மாவு பீட்சாவாகவோ, மரவள்ளி மாவில் சுட்ட மெக்சிகோ ரொட்டியான டார்ட்டியாவாகவோ இருக்கும். பாதாமுக்கே கணிசமாகச் செலவாகிவிடும். மாவு ஒட்டாது, விரியாது. பிள்ளைகள் ஒரு வாய் கடித்துவிட்டு "இது பீட்சாவே இல்லை" என்று எழுந்து போவார்கள். அப்புறம் புத்தகம் அலமாரியில்தான்.

அந்தப் பக்கங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்தப் புத்தகங்களில் நம் வீட்டுக்கு உண்மையாகவே பயன்படுவது சாதாரண ராத்திரிச் சாப்பாட்டுப் பகுதிதான். ஒரு சட்டியில் கறியும் காயும், ஒரே தட்டில் வேகும் கோழி, தேங்காய்ப்பாலில் மீன் என்று வரும். இவையெல்லாம் நமக்குத் தெரிந்த சமையலுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவை. ஆனால் புத்தகம் அமெரிக்கச் சமையலறைக்காக எழுதப்பட்டது. அளவு, சட்டி, கறிக்கடை எல்லாமே வேறு. வரிக்கு வரி அப்படியே செய்தால் சரியாக வராது.

புத்தகம் எந்தப் பேலியோவைச் சொல்கிறது?

இதை முதலில் பார்த்துவிடுங்கள். தமிழில் பேலியோ என்றால் நமக்கு நினைவுக்கு வருவது நியாண்டர் செல்வனின் எழுத்தும் அவருடைய முகநூல் குழுவும் பரப்பிய முறை. அது மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைப்பது. பனீர், சீஸ், தயிர், வெண்ணெய், நெய் எல்லாம் உண்டு. கிழங்கு, தேன், பழம் கிடையாது அல்லது மிகக் குறைவு.

அமெரிக்கப் பேலியோவின் கணக்கு வேறு. 1985இல் ஈட்டன், கானர் என்ற இருவர் ஒரு மருத்துவ இதழில் கற்கால உணவைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 2002இல் லோரன் கோர்டெயினின் புத்தகம் வந்த பிறகு அது பரவலானது. அதில் தானியம், பருப்பு வகைகள், சர்க்கரை ஆகியவற்றோடு பாலும் விலக்கு. ஆனால் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பழமும் தாராளமாக வரும், பல சமையல் புத்தகங்களில் தேனும் மேப்பிள் சிரப்பும்கூட இருக்கும். ஆகவே "பேலியோ" என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே அது குறைமாவு உணவு ஆகிவிடாது. சர்க்கரை நோய்க்காகவோ எடை குறையவோ தமிழ்ப் பேலியோவில் இருப்பவர், அந்த மேப்பிள் சிரப் கோழியைத் தைரியமாகத் தாண்டிப் போகலாம். அல்லது இனிப்பை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் செய்யலாம். பெரும்பாலும் ருசிக்கு ஒரு குறையும் வராது.

சில புத்தகங்களில் செய்முறையின் ஓரத்தில் ஏ.ஐ.பி. என்று ஒரு குறி இருக்கும். அது நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் கோளாறு உள்ளவர்களுக்கென்று உருவாக்கிய கடுமையான பட்டியல். முட்டை, தக்காளி, மிளகாய், கத்தரிக்காய், குடமிளகாய் எதுவும் அதில் வராது. உங்களுக்கு அந்தத் தேவை இல்லையென்றால் அந்தப் பக்கங்களில் தாராளமாக மிளகாய் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சப்பென்றிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று சோற்றையும் சப்பாத்தியையும் நிறுத்தினால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கக்கூடும். மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அப்படியே. வீட்டில் சும்மா ஒரு ராத்திரி புதுக் கறி செய்து பார்ப்பதற்கு இதெல்லாம் வேண்டாம். முறையாக மாறுவதற்குத்தான் சொல்கிறேன்.

சைவ வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பாலும் பருப்பும் இல்லாத அமெரிக்கப் பேலியோ புத்தகத்தில் சைவர்களுக்கு மிஞ்சுவது காய்கறியும் தேங்காயும் கொட்டைகளும்தான். முட்டை, பனீர் சேர்க்கும் தமிழ்ப் பேலியோவே உங்களுக்கு ஒத்துவரும். இந்தப் புத்தகத்தில் காய்கறிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பக்கங்களை மட்டும் மடித்து வையுங்கள்

புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் புரட்டி, முதல் வாரத்துக்கு மூன்றே செய்முறைகளைத் தேர்ந்தெடுங்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது? பொருள்கள் பத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு சட்டி, மிஞ்சினால் இரண்டு. பாதாம் மாவு, தேங்காய் மாவு, மரவள்ளி மாவு எதுவும் இருக்கக் கூடாது. முக்கியமாக, அது வேறொன்றைப் போல நடிக்கும் பண்டமாக இருக்கக் கூடாது. ரொட்டி, பாஸ்தா, பேன்கேக் ஆகியவற்றின் பேலியோ வடிவங்கள் கை பழகிய பிறகு பார்க்க வேண்டியவை. மாவைக் கண்டுபிடித்து வாங்குவது, அளப்பது, சுடுவது மூன்றுமே அவற்றில் சிரமம்.

தேர்ந்தெடுத்ததும் செய்முறையை அடுப்புப் பற்றவைக்கும் முன் கடைசி வரி வரை படியுங்கள். "4 மணி நேரம் ஊறவைக்கவும்" என்ற வரி ஏழாவது படியில் ஒளிந்திருக்கும். முகப்பில் போட்டிருக்கும் "30 நிமிடம்" என்பதையும் நம்ப வேண்டாம். பூண்டு உரித்து, வெங்காயம் நறுக்கி, கறி கழுவி வைத்த பிறகு ஆகும் நேரம் அது. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பட்டியலை நம் கடைக்கு மாற்றுவது

இங்கேதான் பெரும்பாலான வேலை. முதலில் மிளகாய். புத்தகத்தில் "சில்லி பவுடர் 2 மேசைக்கரண்டி" என்று பார்த்தால் நம் மிளகாய்த் தூளில் கை வைக்காதீர்கள். அவர்களுடைய சில்லி பவுடர் காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டு, ஆரிகானோ எல்லாம் கலந்த மசாலா. 2 மேசைக்கரண்டிக்கு நம் வீட்டில் காஷ்மீரி மிளகாய்த் தூள் ஒரு மேசைக்கரண்டி, சீரகத் தூள் ஒன்றரை தேக்கரண்டி, பூண்டு இரண்டு பல் போதும். "கயீன்" என்று வருவதுதான் நம் காரமான மிளகாய்த் தூள். "பாப்ரிகா" என்றால் காஷ்மீரியே சரி.

கோக்கனட் அமினோஸ் என்று ஒன்று கிட்டத்தட்டப் பக்கத்துக்குப் பக்கம் வரும். தென்னம்பாளையிலிருந்து இறக்கும் நீரை உப்போடு புளிக்கவைத்துச் செய்யும் கருநிறச் சாறு அது. சோயா சாஸில் சோயாவும் கோதுமையும் இருப்பதால் அதற்குப் பதிலாக இதைப் போடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது, விலைதான் அதிகம். முதல் வாரத்துக்கு வாங்க வேண்டாம். ஒரு பெரிய வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கிச் சேர்த்து, உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டால் அந்த லேசான இனிப்பும் உப்பும் ஓரளவு வந்துவிடும்.

எள் எண்ணெய் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் வறுத்த எள்ளில் எடுத்த, வாசனை தூக்கலான எண்ணெய். நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டுவது. நல்லெண்ணெயை வைத்தே செய்யலாம், ஆனால் கடைசியில் வெள்ளை எள்ளை வெறும் சட்டியில் வறுத்து ஒரு தேக்கரண்டி தூவுங்கள். சமைக்கத் தேங்காய் எண்ணெயோ நெய்யோ போதும். கடலை எண்ணெய் புத்தகத்தின் கணக்கில் வராது. வேர்க்கடலை அவர்களுக்குப் பருப்பு இனம்.

ஆரோரூட் மாவு குழம்பைக் கெட்டியாக்க ஒரு கரண்டி கேட்பார்கள். கேரளப் பக்கம் கூவைப்பொடி என்று கிடைப்பது அதுதான். கடையில் வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் படியுங்கள், சோள மாவு கலந்திருந்தால் வேண்டாம். கிடைக்காவிட்டால் குழம்பை மூடாமல் இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், தானாகவே சுண்டிவிடும்.

சுக்கினி (வெள்ளரி போன்ற ஒரு காய்) நூடுல்ஸுக்கு இளம் சுரைக்காய் நன்றாக வரும். விதைப் பகுதியை நீக்கி நீளநீளமாகச் சீவி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்தெடுங்கள். முட்டைகோஸை மெல்லிய கீற்றாக நறுக்கினாலும் போதும், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். சால்மனுக்கு வஞ்சிரம், காட் மீனுக்குக் கொடுவா. பெரிய மீன் கிடைக்காத ஊரில் சங்கரா.

நம் அலமாரியில் ஏற்கெனவே இருப்பதிலும் தானியமும் பருப்பும் ஒளிந்திருக்கும். கடையில் விற்கும் கட்டிப் பெருங்காயத்திலும் பெருங்காயத் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். சாம்பார்ப் பொடியில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் உண்டு. தாளிக்கும்போது கை தானாக உளுந்துக்குப் போகும். கடுகு, சீரகம், கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை பெருங்காயத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பது என் அபிப்பிராயம். கோதுமையே ஆகாத உடல்நிலை உள்ளவர்கள் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கறிக்கடையில் என்ன கேட்பது? "கிரவுண்ட் பீஃப்" என்று புத்தகத்தில் வருமிடத்தில் மட்டன் கொத்துக்கறியோ சிக்கன் கீமாவோ போடலாம். அவர்கள் வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்குவரை கொழுப்பு இருக்கும். நம் ஆட்டுக் கொத்துக்கறி வறட்டுக்கறி. அதனால் உருண்டையோ கட்லெட்டோ செய்யும்போது அரைக் கிலோவுக்கு ஒரு முட்டையும் இரண்டு மேசைக்கரண்டி நெய்யும் சேர்க்காவிட்டால் உதிர்ந்து போகும். கோழியில் "தை" என்று வருவது மேல்தொடை. எலும்போடு லெக் பீஸாக வாங்குங்கள். குழம்புத் துண்டாக வெட்ட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கேட்காமலே வெட்டிவிடுவார்கள். தோலோடு வேண்டுமென்றால் அதையும் சொல்ல வேண்டும்.

அளவுகள்

ஒரு கப் என்றால் 240 மில்லி, மேசைக்கரண்டி 15, தேக்கரண்டி 5. ஒரு பவுண்டு 454 கிராம், ஒரு அவுன்ஸ் 28. அடுப்புச் சூட்டில் 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் நமக்குச் சுமார் 175 செல்சியஸ், 400 என்றால் 200, 425 என்றால் 220. உப்பில் கவனம் வேண்டும். "கோஷர் உப்பு" என்று எழுதியிருந்தால் அது பருத்த, இலேசான உப்பு. நம் தூள் உப்பைப் பாதியளவே போட்டு, ருசி பார்த்து ஏற்றுங்கள். "4 பேருக்கு" என்று போட்டிருந்தாலும், சோறில்லாமல் வெறும் கறியும் காயும் சாப்பிடும்போது நம் ஆட்களுக்கு அது காணாது. காயை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

முதல் ராத்திரி: முட்டைகோஸும் கொத்துக்கறியும்

கிட்டத்தட்ட எல்லாப் பேலியோ புத்தகத்திலும் இது ஒரு பெயரில் இருக்கும். சீன ஸ்பிரிங் ரோலின் உள்ளே வைக்கும் பூரணத்தை, மேல் மாவு இல்லாமல் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுவது. முட்டைகோஸ் பொரியல் செய்யத் தெரிந்தால் இதுவும் தெரிந்த மாதிரிதான்.

சிக்கன் கீமா அரைக் கிலோ எடுங்கள். கழுவியே தீர வேண்டுமென்றால் கம்பி வடிகட்டியில் போட்டு, கரண்டியால் அழுத்தி, நீர் முழுக்க வடியும்வரை வையுங்கள். இந்தப் படியை விட்டால் கறி வதங்காது, தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். முட்டைகோஸ் 600 கிராம் மெல்லிய கீற்றாக நறுக்கவும். இரண்டு பெரிய வெங்காயம், ஒரு கேரட், ஆறு பல் பூண்டு, ஒரு விரல் நீள இஞ்சி, ஒரு கட்டு வெங்காயத்தாள், பச்சைமிளகாய் உங்கள் இஷ்டம்.

வீட்டில் உள்ளதிலேயே அகலமான இரும்பு வாணலியை நன்றாகக் காயவையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, கீமாவைப் பரப்பி, இரண்டு நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடியில் பொன்னிறம் பிடித்த பிறகு உடைத்துத் திருப்புங்கள். ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். எடுத்துத் தனியே வையுங்கள். ஆட்டுக் கொத்துக்கறியானால் இப்படி வேகாது. கால் கப் நீர் விட்டுக் குக்கரில் நான்கு விசில் வைத்து, பிறகு வாணலியில் நீர் வற்ற வறுக்க வேண்டும்.

அதே வாணலியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்குங்கள். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் ஒரு நிமிடம். பிறகு கேரட், முட்டைகோஸ். தீ பெரிதாகவே இருக்கட்டும், மூடி போடவே கூடாது, உப்பும் இப்போது வேண்டாம். மூடினாலும் உப்புப் போட்டாலும் கோஸ் நீர் விட்டுத் துவண்டுவிடும். நான்கைந்து நிமிடத்தில் ஓரம் சற்றே கருகி, நடுவில் நறுக்கென்று இருக்கும். அந்த நிலையில் கீமாவைத் திரும்பப் போட்டு, உப்பு, மிளகுத் தூள் ஒரு தேக்கரண்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு. வெங்காயத்தாளும் வறுத்த எள்ளும் தூவி இறக்குங்கள். மேலே ஆளுக்கொரு ஆஃப்பாயில் வைத்தால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள்.

இரண்டாவது: ஒரே தட்டில் கோழி

புத்தகத்தில் பெரிய தட்டு நிறையக் கோழியும் காயும் பரப்பி 425 டிகிரியில் 35 நிமிடம் என்றிருக்கும். நம் வீட்டு ஓடிஜியில் (சிறிய மின் ஓவன்) அந்தத் தட்டு நுழையாது. நுழையும் தட்டில் எல்லாவற்றையும் திணித்தால் வறுபடாமல் அவிந்துவிடும். இரண்டு ஈடாக வையுங்கள். முதலில் காய், அது ஆறும்போது கோழி, கடைசி ஐந்து நிமிடம் இரண்டும் சேர்த்து.

ஓவனே இல்லையா, பரவாயில்லை. நான்கு லெக் பீஸில் ஆழமாகக் கீறி, உப்பு, மஞ்சள், இடித்த மிளகு, பூண்டு, எலுமிச்சை, இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய நெய் சேர்த்துப் பிசறி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அடி கனத்த வாணலியில் நடுத்தரத் தீயில் ஒரு பக்கம் பன்னிரண்டு நிமிடம், திருப்பிப் போட்டு மூடி இருபது நிமிடம். குடமிளகாய், பூசணித் துண்டு, பெரிய வெங்காயத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சுற்றிலும் போடுங்கள். வெந்ததா என்று பார்க்க எலும்பை ஒட்டிய இடத்தில் கத்தியால் குத்தினால் வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், அதுதான் நிச்சயமான வழி.

மூன்றாவது: தேங்காய்ப்பாலில் மீன்

பிரேசிலின் மொகேக்காவைத் தழுவிய செய்முறை பல புத்தகங்களில் இருக்கும். சொதி வைக்கத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை. புத்தகம் கேட்கும் ஒரு டப்பா, அதாவது 400 மில்லி தேங்காய்ப்பாலுக்கு, ஒரு பெரிய தேங்காயின் முதல் பாலையும் இரண்டாம் பாலையும் தனித்தனியே எடுங்கள்.

வஞ்சிரம் அரைக் கிலோவை உப்பு, எலுமிச்சையில் கால் மணி நேரம் வையுங்கள். தேங்காய் எண்ணெயில் வெங்காயம், குடமிளகாய், பூண்டு, தக்காளியை மசிய வதக்கி, காஷ்மீரி மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்து, இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். மீனை அடுக்கி ஆறேழு நிமிடம். கரண்டி போடாதீர்கள், சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். தீயை முழுக்கக் குறைத்து முதல் பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். கொதித்தால் திரிந்துவிடும். டப்பாவில் வருவது அப்படி எளிதில் திரியாததால் புத்தகம் இந்த எச்சரிக்கையைச் சொல்வதில்லை. மேலே கொத்தமல்லித் தழையும் எலுமிச்சையும்.

இதோடு காலிஃப்ளவர் சாதம் வைக்கச் சொல்வார்கள். நாம் பூச்சிக்காக உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் பூவை முக்கியெடுப்போம், அதை விட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு துணியில் பரப்பி அரை மணி நேரமாவது உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மிக்ஸியில் போட்டால் கூழ்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று; ரவைப் பருமன் வந்ததும் நிறுத்துங்கள். அகலமான சட்டியில் நெய் விட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் வதக்கினால் உதிரியாக இருக்கும்.

வீட்டாரைச் சாப்பிட வைப்பது

"இன்றையிலிருந்து பேலியோ" என்று அறிவிக்காதீர்கள். ராத்திரி இட்லி, தோசையே பழகிய வீட்டில் அந்த வார்த்தையே சண்டைக்குப் போதும். புதுக் கறி ஒன்று செய்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். பாட்டிக்கு ஒரு கை சோறு வேண்டுமென்றால் வடித்து வையுங்கள். மீனும் கோழியும் சோற்றோடும் நன்றாகவே இருக்கும். வளரும் பிள்ளைகளை எடைக்குறைப்புச் சாப்பாட்டுக்குள் இழுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் தட்டில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ சோறோ வையுங்கள், தயிரும் இருக்கட்டும். நீங்கள் காலிஃப்ளவர் சாதத்தோடு சாப்பிடுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி போதும்; எல்லா நாளும் மாற்றினால் சமைப்பவர்தான் முதலில் சலித்துப்போவார்.

சாப்பிட்டு முடித்த கையோடு பென்சிலால் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள்: உப்பு எவ்வளவு போட்டீர்கள், எத்தனை நிமிடம் வெந்தது, யார் இன்னொரு கரண்டி கேட்டார். அடுத்த முறை புத்தகத்தின் அளவைவிட உங்கள் குறிப்புதான் உதவும்.

மிஞ்சியதில் மீனை வைத்துக்கொள்ள வேண்டாம். தேங்காய்ப்பால் குழம்பை மறுநாள் சூடாக்கினால் திரியும், மீனும் உடையும். கோழி ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், அடிக்கடி மின்சாரம் போகும் ஊரென்றால் மறுநாளே முடித்துவிடுங்கள். முட்டைகோஸ் கொத்துக்கறி மிஞ்சினால் காலையில் தோசைக்கல்லில் இரண்டு முட்டையை ஊற்றி, அதன் மேல் பரப்பி மடித்துச் சுடலாம். அதற்காகவே ராத்திரி கொஞ்சம் கூடுதலாகச் செய்து வைப்பது நல்லது.